இரண்டாவது முறை படித்தாலும் பயமாக இருக்கிறதா?

திகில் எழுத்துக்கென்று இருக்கும் விருதுகளில் பெரிய பெயர் பிராம் ஸ்டோக்கர் விருது. அமெரிக்காவிலுள்ள திகில் எழுத்தாளர் சங்கம் 1987-ஆம் ஆண்டின் படைப்புகளில் தொடங்கி ஆண்டுதோறும் இதைக் கொடுத்துவருகிறது. ‘ஆண்டின் மிகச் சிறந்த நாவல்’ என்று சொல்லி இதைக் கொடுப்பதில்லை. ‘உயர்ந்த சாதனை’ என்று மட்டும் சொல்கிறார்கள். ஒரு திகில் கதையை இன்னொன்றுக்கு மேலே நிறுத்துவதில் எழுதுகிறவர்களுக்கே இருக்கும் தயக்கம் அதில் தெரிகிறது.

வாசகர்களுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. எல்லாக் காலத்துக்குமான மிகச் சிறந்த திகில் புத்தகம் எது, எழுத்தாளர் யார் என்ற பேச்சு ஓய்ந்ததே இல்லை. யார் பட்டியல் போட்டாலும் ஏறக்குறைய அதே பெயர்கள் வந்து நிற்கும்: மேரி ஷெல்லி, எட்கர் ஆலன் போ, பிராம் ஸ்டோக்கர், லவ்கிராஃப்ட், ஷர்லி ஜாக்சன், ஸ்டீபன் கிங். இவர்களில் யாரையும் வெளியே அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இவர்கள் ஆளுக்கொரு காரணத்தால் உள்ளே வந்தவர்கள். ஒருவர் முதலில் செய்தார், ஒருவரைச் சினிமா தூக்கிவிட்டது, ஒருவர் கோடிக்கணக்கில் விற்றார், ஒருவர் உண்மையிலேயே பயமுறுத்துகிறார். இந்தக் காரணங்களைப் பிரித்துப் பார்க்காமல் வரிசை எண் போடும்போதுதான் தேர்வு தடுமாறுகிறது.

பயத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டால் என்ன? இந்த இலக்கிய வகை வாசகரின் உடம்பில் நடப்பதை வைத்துத்தானே அடையாளம் காணப்படுகிறது? நியாயமான யோசனைதான். சிக்கல் என்னவென்றால், பயம் சீக்கிரம் கெட்டுப்போகிற பொருள். ஹொரேஸ் வால்போல் 1764-இல் வெளியிட்ட ‘தி காஸில் ஆஃப் ஒட்ரான்டோ’வின் தொடக்கத்திலேயே, கல்யாண நாளன்று வானத்திலிருந்து பிரம்மாண்டமான தலைக்கவசம் ஒன்று விழுந்து மாப்பிள்ளையை நசுக்கிவிடுகிறது. அன்றைய வாசகர்களை அது உலுக்கியது. பழைய இத்தாலியக் கையெழுத்துப் பிரதியின் மொழிபெயர்ப்பு என்று சொல்லி வெளியிட்ட வால்போல், புத்தகம் நன்றாகப் போனதும் மறு ஆண்டு இரண்டாம் பதிப்பில் தானே எழுதியது என்று ஒப்புக்கொண்டார். பாழடைந்த கோட்டை, சுரங்கப் பாதை, பரம்பரைச் சாபம், உயிர்பெறும் ஓவியம் என்று பின்னால் வந்த கதைகள் புழங்கிய சரக்கில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போனது. இன்று அந்தத் தலைக்கவசத்தைப் படித்து யாரும் பயப்படப் போவதில்லை. வரலாற்றில் வால்போலுக்கு முதல் நாற்காலி கொடுக்க வேண்டும். சிறந்த புத்தகங்களின் வரிசையில் அந்த நாவலுக்கு இடமில்லை என்பது என் முடிவு.

ஆகவே பயத்திலும் எந்தப் பயம் என்று கேட்டாக வேண்டும். இதை முதலில் தெளிவாகக் கேட்டவர் ஆன் ராட்கிளிஃப். ‘தி மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ’வை 1794-இல் எழுதியவர். அவர் இறந்த பிறகு, 1826-இல் வெளியான ஒரு கட்டுரையில் பயத்தை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, என்னவென்று தெரியாத ஏதோ வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் மனம் விரிந்து, எல்லாப் புலன்களும் விழித்துக்கொள்ளும் நிலை. மற்றொன்று, கொடூரத்தை நேருக்கு நேர் பார்த்து மனம் சுருங்கி உறைந்துபோகும் நிலை. அவர் மதித்தது முதலாவதை. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1981-இல், ஸ்டீபன் கிங் தன் ‘டான்ஸ் மக்காப்ர்’ நூலில் இதோடு மூன்றாவது படியையும் சேர்த்தார்: வெறும் அருவருப்பு. முதலில் நடுங்கவைக்கப் பார்ப்பேன், முடியாவிட்டால் பயங்கரத்தைக் காட்டுவேன், அதுவும் முடியாவிட்டால் குமட்டவைப்பேன் என்கிறார்.

இந்தப் படிகளிலிருந்துதான் என் அளவுகோல் வருகிறது. அதிர்ச்சி, முடிவு தெரியாதவரைக்கும்தான் வேலை செய்யும். அருவருப்பு பழகிப்போகும். எதிர்பார்ப்பு மட்டும் விசித்திரமானது. முடிவு தெரிந்து இரண்டாவது முறை படிக்கும்போது அது கூடுகிறது. முதல் பக்கத்திலேயே கதாபாத்திரம் எங்கே போய் விழப்போகிறது என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இரண்டாவது வாசிப்பில் முதலாவதை விட அதிகமாகப் பயமுறுத்துகிற புத்தகத்தையே பெரிய புத்தகம் என்பேன். வைத்துப் பார்த்தால் இந்தச் சல்லடையில் பெரிய பெயர்கள் சில விழுந்துவிடுகின்றன, கவனிக்கப்படாத சில நின்றுவிடுகின்றன.

அதற்கு முன்னால் சினிமாவைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும். இந்தத் துறையில் படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு ஓட்டுப் போடுவது மிக அதிகம்.

‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்றதும் தட்டையான தலையோடும் கழுத்தில் ஆணியோடும் பேச்சே வராமல் தடுமாறி நடக்கும் உருவம்தான் மனதில் வருகிறது. அது 1931-ஆம் ஆண்டுப் படத்தில் போரிஸ் கார்லாஃப் நடித்த உருவம். மேரி ஷெல்லியின் நாவலில் அந்த உயிர் மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ படித்திருக்கிறது, புளூட்டார்க் படித்திருக்கிறது. தன்னைப் படைத்தவனை உட்காரவைத்துப் பக்கம் பக்கமாக வாதம் செய்கிறது. மின்னலால் உயிரூட்டுவதும் ராட்சத இயந்திரங்களும் நாவலில் இல்லை. உயிர் வரும் காட்சி நவம்பர் மாத இரவொன்றில் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. நாவலின் கொடுமை அதற்கு அடுத்த நிமிடத்தில் இருக்கிறது: படைத்தவன் அதன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அறையை விட்டு ஓடிவிடுகிறான். பிறந்தவுடன் கைவிடப்பட்ட ஒன்று, தன்னை ஏன் உண்டாக்கினாய் என்று கேட்கிறது. 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக 1816-இல் ஐரோப்பாவில் கோடையே வராமல் போனது. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு வீட்டுக்குள் அடைபட்ட ஆங்கிலக் கவிஞர் பைரன், பேய்க்கதை எழுதலாம் என்று நண்பர்களிடம் சொன்னதில் தொடங்கிய நாவல் இது. மேரிக்கு அப்போது வயது 18. 1818 ஜனவரியில் ஆசிரியர் பெயரில்லாமல் 500 பிரதிகள் அச்சிட்டார்கள். அந்தக் கேள்வி தெரிந்த பிறகு திரும்பப் படித்தால், படைத்தவனான விக்டரின் ஒவ்வொரு உற்சாகமான வரியும் உறுத்தும். இந்த நாவல் சல்லடையில் நிற்கிறது.

‘டிராகுலா’ விஷயம் கலவையானது. 1897-இல் வெளியான நாவலில் சூரிய ஒளி டிராகுலாவைக் கொல்வதில்லை. அவர் பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடக்கிறார். வெயிலில் காட்டேரி அழிவது 1922-இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மன் மௌனப் படத்திலிருந்து பரவியது. அனுமதி வாங்காமல் எடுத்த அந்தப் படத்தின் பிரதிகளை அழிக்கச் சொல்லி ஸ்டோக்கரின் மனைவி நீதிமன்றத் தீர்ப்பே வாங்கினார். புத்தகத்துக்கு வருவோம். முதல் நான்கு அத்தியாயங்கள், அதாவது கோட்டைக்குள் சிக்கிக்கொண்ட ஜோனதன் ஹார்க்கரின் நாட்குறிப்பு, திகில் எழுத்தின் உச்சங்களில் ஒன்று. ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் ஹார்க்கர், கோட்டைச் சுவரில் பல்லி போலத் தலைகீழாக ஒருவர் ஊர்ந்து இறங்குவதைப் பார்க்கிறார். தனக்கு உணவு பரிமாறி, மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்த அதே மனிதர். அதற்குப் பிறகு நாவல் இங்கிலாந்துக்குப் போகிறது, கோமகன் டிராகுலா பெரும்பாலும் மேடைக்குப் பின்னால் போய்விடுகிறார், ரயில் நேரங்களும் திட்டமிடலும் பக்கங்களை நிரப்புகின்றன. இரண்டாவது வாசிப்பில் நடுப்பகுதி தளர்கிறது. 25 ஆண்டுகள் முந்தைய ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’ நூறு பக்கம் சொச்சம்தான், ஆனால் எங்கேயும் தளர்வதில்லை. இரையாகும் பெண்ணே தன்னை நாடிவந்தவள் மேல் வைத்த பாசத்தோடு அந்தக் கதையைச் சொல்கிறாள். முடிவு தெரிந்த பிறகு அந்தப் பாசம் முன்னை விடக் கலக்கமாக இருக்கிறது. காட்டேரிக் கதை ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் ‘கார்மில்லா’வை வைத்துக்கொள்வேன்.

ஜப்பானின் கோஜி சுசூகி 1991-இல் எழுதிய ‘ரிங்’ நாவலுக்கும் இதே கதிதான். தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து பெண் ஊர்ந்து வெளியே வரும் காட்சியை உலகமே அறியும். நாவலில் அந்தக் காட்சி கிடையாது. 1998-ஆம் ஆண்டுப் படம் சேர்த்தது அது.

பட்டியல்களில் இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது, இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ‘சிறந்த திகில் புத்தகங்கள்’ என்று கேட்டதும் பதில்கள் நாவல்களாக வருகின்றன. ஆனால் இந்த வகையின் இயல்பான வடிவம் சிறுகதை. இதைப் போ 1840-களிலேயே காரணத்தோடு சொல்லிவிட்டார். ஒரே உட்காரலில் படித்து முடிக்க முடியாத படைப்பில், இடையில் உலக விவகாரங்கள் புகுந்து ஒருமித்த விளைவைக் குலைத்துவிடும் என்பது அவர் வாதம். எந்த எழுத்துக்கும் இது ஓரளவு பொருந்தும், பயத்துக்கு முழுதாகப் பொருந்தும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்தால் பயம் அந்த இடத்திலேயே காத்திருக்காது. அவருடைய ‘தி டெல்-டேல் ஹார்ட்’ சில பக்கங்கள்தான். தனக்குப் பைத்தியம் இல்லை என்று நிரூபிப்பதற்காகவே ஒருவன் தான் செய்த கொலையை நிதானமாக, ஒழுங்காக விவரிக்கிறான். நிதானம் கூடக்கூட நமக்கு மூச்சு முட்டுகிறது. அதில் ஒரு வாக்கியத்தைக் கூட எடுக்க முடியாது.

நாவல் கணக்கில் மட்டும் பார்ப்பதால் அடிபடுகிறவர்களில் முதல் ஆள் எம். ஆர். ஜேம்ஸ். கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் இருந்த அறிஞர், பழைய கையெழுத்துப் பிரதிகளில் ஊறியவர். கிறிஸ்துமஸ் நேரத்தில் நண்பர்களை அறையில் கூட்டிவைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தான் எழுதிய பேய்க்கதைகளைப் படித்துக் காட்டுவார். முதல் தொகுப்பு 1904-இல் வந்தது. அதிலுள்ள ஒரு கதையில், பேய்களை நம்பாத பேராசிரியர் ஒருவர் கடற்கரை இடிபாட்டில் பழைய ஊதல் ஒன்றைக் கண்டெடுத்து ஊதிப் பார்க்கிறார். விடுதியில் அவர் அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் அவர் படுக்கிறார், மற்றது காலி. மறுநாள் வேலைக்காரப் பெண் கேட்கிறாள், இன்றைக்கு எந்தக் கட்டிலில் படுப்பீர்கள் என்று. இரண்டிலும் படுத்து எழுந்த மாதிரி விரிப்பு கசங்கிக் கிடக்கிறது. கேள்வியில் எந்தப் பதற்றமும் இல்லை, வீட்டு வேலையின் பகுதியாக வருகிறது. இரவில் அந்தக் காலிக் கட்டிலிலிருந்து ஏதோ எழுந்து உட்காருகிறது. அதற்குக் கண் தெரியவில்லை, கைகளால் துழாவிக்கொண்டு வருகிறது. அதற்கென்று உடம்பு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. கட்டில் விரிப்பைத்தான் உடம்பாக்கிக்கொண்டிருக்கிறது. கசங்கிய துணியால் ஆன முகம். பேய் என்றால் வெள்ளைத் துணி என்பது குழந்தைகள் கூடச் சிரிக்கிற கற்பனை. அந்தத் துணியையே எடுத்து அவர் மயிர்க்கூச்செறிய வைக்கிறார். சாதாரண அன்றாடத்தை முதலில் அமைதியாக விரித்துவிட்டு, கெட்டது கொஞ்சம் கொஞ்சமாகத் தலைநீட்ட வேண்டும் என்று அவர் பின்னால் எழுதினார். பேய்க்கதை எழுத வருகிறவர்களுக்கு இதை விட உருப்படியான ஆலோசனை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நாவலில் இந்தச் சிறுகதை இறுக்கத்தைக் கடைசிவரை பிடித்துவைத்தவர்கள் மிகச் சிலர். ஹென்றி ஜேம்ஸின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்குரூ’ (1898) ஒன்று. அது குறுநாவல்தான். இரண்டு குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள வந்த ஆசிரியை, இறந்துபோன இருவரைப் பார்க்கிறாள். வேறு யாரும் பார்ப்பதாக உறுதியில்லை. பேய்கள் இல்லை, அவளுடைய மனம்தான் எல்லாம் என்று விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1934-இல் வாதிட்டதிலிருந்து அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. தீராததுதான் அந்தக் கதையின் பலம். பேய் உண்டு என்று நினைத்துப் படித்தால் குழந்தைகளுக்காகப் பயப்படுகிறோம். இல்லை என்று நினைத்துப் படித்தாலும் குழந்தைகளுக்காகத்தான் பயப்படுகிறோம், இந்த முறை அவளிடமிருந்து.

ஷர்லி ஜாக்சனின் ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ (1959) மற்றொன்று. திகில் நாவல் ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். எலினோர் என்ற பெண், பதினொரு ஆண்டுகளை நோயாளித் தாயைப் பார்த்துக்கொண்டே கழித்தவள். பேய் ஆராய்ச்சிக்காக ஒரு வீட்டுக்கு அழைக்கப்படுகிறாள். தன்னை வேண்டும் என்று சொல்லும் ஓர் இடம் கிடைக்காதா என்ற ஏக்கம் அவளுக்கு. அந்த இடம் கிடைத்துவிடுகிறது, அதுதான் கதை. நடுவில் ஒரு காட்சி. அவளும் அதே ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் தியோடோராவும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் படுத்திருக்கிறார்கள். இருட்டு. அடுத்த அறையில் முணுமுணுப்பு, பிறகு ஒரு குழந்தையின் அழுகை. எலினோர் தோழியின் கையை எலும்பு தெரிய இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். ஒரு குழந்தையைத் துன்புறுத்துவதை நான் பொறுக்க மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லி, கடைசியில் கத்திவிடுகிறாள். விளக்கு எரிகிறது. தியோடோரா தன் கட்டிலில், அப்போதுதான் விழித்தவளாக, திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். எலினோர் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது யாருடைய கை?

அத்துடன் காட்சி முடிகிறது. ரத்தம் இல்லை, உருவம் இல்லை. முதல் முறை படிக்கும்போது கடைசி வரியில் தூக்கிவாரிப்போடுகிறது. இரண்டாவது முறை, கையைப் பிடித்த முதல் நொடியிலிருந்தே உடம்பு கூசுகிறது, ஏனென்றால் அந்தக் கை அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது என்பது இப்போது நமக்குத் தெரியும். ஒரு ஆளுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஆறுதலான பிடி அந்த வீட்டினுடையது. ஸ்டீபன் கிங்கே கடந்த நூறு ஆண்டுகளின் மகத்தான அமானுஷ்ய நாவல்கள் என்று இதையும் ஹென்றி ஜேம்ஸின் கதையையும் மட்டும்தான் சொன்னார். ஜாக்சனின் ‘தி லாட்டரி’ சிறுகதை 1948 ஜூனில் ‘தி நியூயார்க்கர்’ இதழில் வந்தபோது, அந்தக் கோடையில் மட்டும் 300-க்கும் மேற்பட்ட கடிதங்கள் அவருக்கு வந்தன. பெரும்பாலும் குழப்பமும் கோபமும். 48 வயதில் இறந்துபோனார். உலகம் அவரை முழுதாக அங்கீகரிக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

சரி, லவ்கிராஃப்ட். இவரிடத்தில்தான் ‘புத்தகமா, எழுத்தாளரா’ என்ற கேள்வி கூர்மையாகிறது. அவர் கொண்டுவந்த பயம் அதுவரை இல்லாதது. அவருக்கு முந்தைய பேய்களுக்கு மனிதன் மேல் ஏதோ அக்கறை இருந்தது, பழிவாங்கவாவது. லவ்கிராஃப்டின் பிரபஞ்சத்துக்கு நாம் இருப்பதே தெரியாது. 1928-இல் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் வந்த, ஆழ்கடலில் உறங்கும் ராட்சத உயிரைப் பற்றிய ‘தி கால் ஆஃப் கதுல்ஹு’ அந்த எண்ணத்தின் தொடக்கப்புள்ளி. வாழ்ந்த காலத்தில் பெரும்பாலும் மலிவு இதழ்களில்தான் எழுதினார். 1937-இல் வறுமையில் இறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஆகஸ்ட் டெர்லெத்தும் டொனால்ட் வாண்ட்ரேயும் அவருடைய எழுத்தை நூலாக்கவே ‘ஆர்க்கம் ஹவுஸ்’ பதிப்பகத்தைத் தொடங்கினார்கள், அதிலிருந்துதான் புகழ் வந்தது. ஆனால் வாக்கியம் வாக்கியமாகப் பார்த்தால் அவர் பலவீனமானவர். சொல்ல முடியாத, விவரிக்க முடியாத என்று அடைமொழிகளை அடுக்கிப் பயத்தை உண்டாக்கப் பார்க்கிறார். இரண்டாவது வாசிப்பில் அந்த அடைமொழிகள்தான் முதலில் உதிர்கின்றன. அப்புறம் அவருடைய இனவெறி. அது கடிதங்களோடு நிற்கவில்லை, கதைகளின் பயத்துக்கே எரிபொருளாக இருக்கிறது. உலக ஃபேண்டஸி விருது பல பத்தாண்டுகளாக அவருடைய தலைச் சிலையாகவே கொடுக்கப்பட்டது, எதிர்ப்புக்குப் பிறகு 2015-இல் நிறுத்தினார்கள். கறுப்பின எழுத்தாளர் விக்டர் லவால், லவ்கிராஃப்டின் மிக மோசமான இனவெறிக் கதைகளில் ஒன்றை எடுத்து, அதில் முகமில்லாமல் நின்றவர்களின் பக்கத்திலிருந்து ‘தி பாலட் ஆஃப் பிளாக் டாம்’ என்று 2016-இல் திரும்ப எழுதினார். அதை லவ்கிராஃப்டுக்கே சமர்ப்பித்தும் இருக்கிறார். எழுத்தாளர்கள் பட்டியலில் லவ்கிராஃப்ட் இல்லாமல் முடியாது. புத்தகங்கள் பட்டியலில் அவருக்கு நான் இரண்டு மூன்று கதைகளுக்கு மேல் இடம் தரமாட்டேன்.

ஸ்டீபன் கிங்குக்கு நேர்மாறான பிரச்சினை. 60-க்கும் மேற்பட்ட நாவல்கள். இவ்வளவு எழுதினால் சராசரி இறங்கத்தான் செய்யும், அதைக் காட்டி அவரை ஒதுக்குகிறவர்கள் உண்டு. 2003-இல் அமெரிக்கத் தேசியப் புத்தக நிறுவனம் அவருக்கு வாழ்நாள் பங்களிப்புப் பதக்கம் கொடுத்தபோது, விமர்சகர் ஹரால்ட் புளூம் கடுமையாக எதிர்த்தார். என் பார்வையில் கிங்கின் இடத்தை நிறுவ ‘பெட் செமட்டரி’ (1983) ஒன்றே போதும். லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை ஓரத்து வீடு, சின்ன மகன், இறந்ததைத் திரும்பக் கொண்டுவரும் ஓர் இடுகாடு. தன் புத்தகங்களிலேயே தன்னை அதிகம் பயமுறுத்தியது இதுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார், எழுதி முடித்து நெடுநாள் வெளியிடாமலும் வைத்திருந்தார். அந்தத் தகப்பன் செய்யப்போவது தவறு என்று நமக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் அவன் இடத்தில் இருந்தால் நாமும் அதையேதான் செய்வோம். அந்த ஒப்புதலை வாசகரிடமிருந்து பிடுங்குவதால்தான் திரும்பப் படிக்கவே கை தயங்குகிறது.

விற்பனை எதையும் நிரூபிக்காது என்பதற்கும் அவர் காலமே சாட்சி. ‘ரோஸ்மேரிஸ் பேபி’ (1967), ‘தி எக்ஸார்சிஸ்ட்’ (1971) பெற்ற வெற்றிக்குப் பிறகு 1970, 80-களில் திகில் நாவல்கள் மலிவுப் பதிப்புகளாக வந்து குவிந்தன. 90-களின் தொடக்கத்தில் அந்தச் சந்தை சரிந்தது, பெரும்பாலானவை அச்சிலிருந்தே போய்விட்டன. அந்தக் குவியலுக்குள் மைக்கேல் மக்டவலின் ‘தி எலிமென்டல்ஸ்’ (1981) போன்ற அருமையான நாவலும் கிடந்தது. ஒரு சிறு பதிப்பகம் தேடியெடுத்து மறுபடி அச்சிட்ட பிறகுதான் புதிய வாசகர்கள் கைக்கு அது வந்தது.

எல்லை எங்கே என்பதும் தேர்வை மாற்றும். டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987) புலிட்சர் பரிசு பெற்ற நாவல். அடிமைத்தனத்துக்குத் திரும்ப இழுத்துப்போகப்படுவதை விட மேல் என்று தன் குழந்தையைத் தானே கொன்ற தாய், அந்தக் குழந்தை திரும்பி வருகிறது. 1856-இல் மார்கரெட் கார்னர் என்ற பெண்ணின் வாழ்வில் நடந்ததிலிருந்து பிறந்த கதை. ஆவி புகுந்த வீடு, திரும்பி வரும் இறந்தவர், உயிரை உறிஞ்சும் விருந்தாளி என்று திகில் கதையின் எல்லா உறுப்புகளும் அதில் உள்ளன. இதை இலக்கிய அலமாரியில் மட்டும் வைத்துவிட்டு, திகில் என்றால் மட்டமான சரக்கு என்று பேசுவது நேர்மையில்லை. என் வரிசையில் ஜாக்சனுக்கு மிக அருகில் இது இருக்கிறது.

மொழி இன்னொரு சுவர். மேலே நான் சொன்னவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதியவர்கள். உலகப் பட்டியல் என்று பெயர், வாக்களிப்பதோ ஆங்கிலத்தில் கிடைப்பதை வைத்து. சீனாவின் பூ சொங்லிங் 1715-இல் இறந்தபோது ஏறக்குறைய 500 விசித்திரக் கதைகளை விட்டுச்சென்றார், அவை 1766-இல் அச்சேறின. வால்போலின் தலைக்கவசம் விழுந்து இரண்டே ஆண்டுகள். ஜப்பானில் உவேதா அகினாரியின் ‘உகெட்சு மொனொகதாரி’ 1776-இல் வந்தது. எட்கர் ஆலன் போவின் பெயரையே ஜப்பானிய உச்சரிப்பில் புனைபெயராக்கிக்கொண்ட எடோகாவா ராம்போ, 1925-இல் ‘மனித நாற்காலி’ என்ற கதையை எழுதினார். ஒரு பெண் எழுத்தாளருக்குக் கடிதம் வருகிறது. எழுதியவன் ஒரு தச்சன், பெரிய சாய்வு நாற்காலிக்குள் தான் ஒளிந்து வாழ்ந்ததாகச் சொல்கிறான். அவள் அதைப் படித்துக்கொண்டிருப்பது அப்படியொரு நாற்காலியில் அமர்ந்து. தமிழில் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ இருக்கிறது. வேலைக்கு வந்து சேர்ந்த பெண்ணைச் சுற்றி ஒரு நாற்றம், கதை சொல்லும் எழுத்தாளனின் சந்தேகம், கடைசிவரை விடை சொல்லாமல் விட்டுவிடும் துணிச்சல். ஹென்றி ஜேம்ஸ் கதைக்குப் பக்கத்தில் வைத்து விவாதிக்கத் தக்க கதை அது, ஆனால் உலகப் பட்டியல் எதிலும் நான் பார்த்ததில்லை.

இன்றைக்கு எழுதுகிறவர்களில் என் கவனம் அர்ஜென்டினாவில் இருக்கிறது. சமந்தா ஷ்வெப்ளினின் குறுநாவல் ஒன்று, ஆங்கிலத்தில் ‘ஃபீவர் ட்ரீம்’, 2017-இல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனது. அதில் வரும் தாய் எப்போதும் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறாள்: ஏதாவது நடந்தால் மகளிடம் ஓடிப்போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? இருவருக்கும் நடுவே கட்டிய கயிறு போல அந்தத் தூரத்தை அவள் உணர்கிறாள். வயலில் தெளிக்கும் நஞ்சு பரவும் ஊரில் அந்தக் கணக்கு பலிக்காமல் போகிறது. மரியானா என்ரிக்கெஸ் வேறு வழியில் போகிறார். அவருடைய ஒரு சிறுகதையில், காவலர்கள் இரண்டு ஏழைப் பையன்களை நஞ்சேறிய ஆற்றில் தள்ளிவிடுகிறார்கள். அந்தக் கறுப்புத் தண்ணீருக்கடியில் ஏதோ உறங்குகிறது. லவ்கிராஃப்டின் ஆழ்கடல் பயத்தை வாங்கி, அவர் யாரை வெறுத்தாரோ அந்த மக்களின் பக்கம் நின்று எழுதியிருக்கிறார். அவருடைய பெரிய நாவலான ‘அவர் ஷேர் ஆஃப் நைட்’ 2019-இல் ஸ்பெயினின் எர்ரால்டே நாவல் பரிசு பெற்றது, அதற்குத்தான் பாராட்டு அதிகம். எனக்கு அந்த நாவல் இடையிடையே நீள்கிறது. சிறுகதைத் தொகுப்புகளை முதலில் எடுக்கச் சொல்வேன். எம். ஆர். ஜேம்ஸையும் போவையும் வைத்த அதே அலமாரியில் அவற்றுக்கு இப்போதே இடம் ஒதுக்கிவிட்டேன்.